“அது எனக்கு வராது” என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஒப்பிட்டுப் பார்ப்பதும் பட்டப்படிப்புத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயர்கல்வி ஆலோசனையும் சொல்லி வருகிறேன். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது: “அவளோடு பார்த்தால் நான் எந்த மூலைக்கு?” ஒரு பிள்ளை எதைப் படிக்கப் போகிறது என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த ஆய்வுகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மார்க், கட்-ஆஃப், வேலை இவற்றைப் பார்த்துத்தானே படிப்பை எடுக்கிறோம்? இதில் ஒப்பீடு எங்கே வந்தது?

உங்களுக்கு எதெல்லாம் கிடைக்கும் என்பதைத்தான் கட்-ஆஃப் சொல்லும். கிடைக்கக்கூடியவற்றில் எதை நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடித்துவிடுகிறீர்கள் என்று கவனியுங்கள். “எகனாமிக்ஸா, அது எனக்கு வராது.” “மேத்ஸ் மேஜரா, வேண்டவே வேண்டாம்.” இந்த ‘வராது’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் வேறு யாரையோ, வேறு எதையோ காட்டித்தான் பதில் சொல்கிறார்கள்.

தன் திறமையை அளக்கத் தெளிவான அளவுகோல் கையில் இல்லாதபோது மனிதர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே தன்னை எடைபோடுகிறார் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதினார். அதுவும் தன்னைப் போன்றவரைத்தான் பார்ப்பார் என்றார். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிளஸ் டூ எழுதுகிறார்கள். அத்தனை பேரோடும் யாரும் தன்னை ஒப்பிடுவதில்லை. அதே பெஞ்சில் உட்காருபவள், அதே ட்யூஷனுக்கு வருபவன், அத்தை பையன் என்று நாலைந்து பேர்தான் கணக்கில் வருவார்கள். அந்த நாலைந்து பேர் யாராக அமைந்தார்கள் என்பது தற்செயல். அதை வைத்து எடுக்கும் முடிவோ வாழ்நாள் முழுக்கக் கூட வரும்.

எனக்குக் கணக்கில் 92. தமிழில் 98, இங்கிலீஷில் 97. அப்படியென்றால் கணக்கு எனக்குச் சரிப்படாது, இல்லையா?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்தப்பட வைக்கிறது. நூற்றுக்கு 92 வாங்கிய பிள்ளை தனக்குக் கணக்கு வராது என்று நம்புகிறது. யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளே தன் மார்க் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து அந்த முடிவுக்கு வந்திருப்பாள்.

பிறரோடு ஒப்பிடுவதை வீட்டிலும் பள்ளியிலும் ஓரளவு கவனிக்கிறோம். தன்னுடைய ஒரு பாடத்தைத் தன்னுடைய இன்னொரு பாடத்தோடு ஒப்பிடுவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் 1986-இல் இதை முறையாக எடுத்துச் சொன்னார். மாணவர் ஒரே சமயத்தில் இரண்டு ஒப்பீடுகளைச் செய்கிறார். ஒன்று, வகுப்பில் மற்றவர்களோடு. இன்னொன்று, தன் கணக்கைத் தன் மொழிப்பாடத்தோடு. இந்த இரண்டாவது ஒப்பீட்டில் ஒரு பாடம் மேலே போனால் மற்றது கீழே இறங்கியே ஆக வேண்டும். இரண்டிலும் கெட்டிக்காரராக இருந்தாலும் அதே கதைதான்.

ஜெர்மனியின் யென்ஸ் மோலரும் மார்ஷும் உள்ளிட்ட குழு, இது பற்றி வந்த 69 தரவுத் தொகுப்புகளை 2009-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் ஒன்றேகால் லட்சம் மாணவர்கள். கணக்கு மதிப்பெண்ணுக்கும் மொழி மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு 0.67 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுக்க ஒன்றாகவே ஏறி இறங்கினால் 1). அதாவது ஒன்றில் நன்றாகச் செய்பவர் பெரும்பாலும் மற்றதிலும் நன்றாகவே செய்கிறார். ஆனால் ‘எனக்குக் கணக்கு வரும்’ என்ற எண்ணத்துக்கும் ‘எனக்கு மொழி வரும்’ என்ற எண்ணத்துக்கும் இருந்த தொடர்பு வெறும் 0.10. மார்க் சேர்ந்தே ஏறுகிறது. மனசு மட்டும் “நான் கணக்குக்காரன்”, “நான் மொழிக்காரி” என்று ஏதாவது ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது.

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் கணக்கில் 92. ஒருத்திக்குத் தமிழில் 98, மற்றவளுக்கு 79. இரண்டாமவள் “கணக்குதான் என் சப்ஜெக்ட்” என்று தெம்பாக பி.இ.யோ பி.எஸ்சி. கணிதமோ எழுதிக் கொடுப்பாள். முதலாமவள் தயங்குவாள். கணக்கில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். தமிழில் கூடுதலாக 19 மார்க் வாங்கியதுதான் முதலாமவள் செய்த ஒரே காரியம்!

உங்கள் கணக்குக்கு வருவோம். 92 என்பது எந்தப் பொறியியல் படிப்புக்கும், பொருளியலுக்கும், புள்ளியியலுக்கும், கணிதத்துக்கும் தாராளமாகப் போதுமான அடித்தளம். அதற்காகக் கணக்குதான் எடுத்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால் பி.ஏ. தமிழ் எடுங்கள், நானே விண்ணப்பம் எழுதித் தருகிறேன். “தமிழ் பிடிக்கும், அதனால் எடுக்கிறேன்” என்பது நல்ல காரணம். “கணக்கு வராது, அதனால் எடுக்கிறேன்” என்பது உங்கள் விஷயத்தில் உண்மையே இல்லாத காரணம்.

பிசிக்ஸில் 90, கணக்கில் 88. பிசிக்ஸ்தானே எனக்கு நன்றாக வருகிறது?

அவசரப்படாதீர்கள். மொத்த மதிப்பெண்ணை வைத்து இரண்டு பாடங்களை ஒப்பிட முடியாது. நம் பிளஸ் டூ முறையில் கணக்கில் எழுத்துத் தேர்வு 90, இன்டர்னல் 10. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70தான். பிராக்டிகல் 20, இன்டர்னல் 10.

பிராக்டிகலிலும் இன்டர்னலிலும் நீங்கள் முழு மார்க் வாங்கியிருந்தால், இயற்பியல் எழுத்துத் தேர்வில் எடுத்தது 70-க்கு 60. நூற்றுக்கு மாற்றினால் 86 வரவில்லை. கணக்கில் 90-க்கு 78. அதை மாற்றினால் 86-ஐத் தாண்டுகிறது. பார்த்தீர்களா, வரிசையே மாறிவிட்டது. மார்க் ஷீட்டிலேயே தியரி, பிராக்டிகல், இன்டர்னல் என்று தனித்தனியாக இருக்கும். அதை எடுத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் எல்லாமே 70 மார்க் தேர்வுதான். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் எல்லாம் 90.

அப்புறம், வினாத்தாள் எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரிக் கடினமாக வருவதில்லை. கணக்கு கஷ்டமாக வந்த வருஷத்தில் எழுதியவர் தனக்குக் கணக்கு மட்டம் என்று நினைத்துக்கொண்டால் அது அவருக்கு அவரே செய்துகொள்ளும் அநியாயம்.

ஊர்ப் பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க். பிளஸ் ஒன்னுக்கு ஒரு பெரிய தனியார் ஹாஸ்டல் பள்ளியில் சேர்ந்தேன். இங்கே 40-ஆவது இடம். மருத்துவம், பொறியியல் எல்லாம் என்னால் ஆகாது என்று தோன்றுகிறது.

உங்கள் திறமை அப்படியேதான் இருக்கிறது. மாறியது பக்கத்தில் இருப்பவர்கள். மார்க்கை எடுத்துப் பாருங்கள், பத்தாம் வகுப்பில் இருந்ததைவிட இப்போது நீங்கள் நிறையவே கற்றிருப்பீர்கள்.

இதற்கு ஆய்வாளர்கள் ‘சின்னக் குளத்துப் பெரிய மீன் விளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே திறமை உள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறார். மார்ஷும் ஹாவ் என்ற ஹாங்காங் ஆய்வாளரும் 26 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயது மாணவர்களின் விவரங்களைப் பார்த்து 2003-இல் இதை வெளியிட்டார்கள். நாட்டுக்கு நாடு பண்பாடு மாறினாலும் இந்தப் போக்கு பெரிதாக மாறவில்லை.

இது மனசோடு நின்றுவிடுவதும் இல்லை. இங்கிலாந்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொடக்கப் பள்ளியிலிருந்து பின்தொடர்ந்த மர்ஃபி, வைன்ஹார்ட் இருவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மதிப்பெண் பெற்ற பிள்ளைகளில் தன் வகுப்பில் முன்வரிசை ரேங்கில் இருந்தவர் பின்னாளில் அந்தப் பாடத்தையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. சின்ன வயதில் வாங்கிய ரேங்க், பள்ளி இறுதியில் எந்தப் பாடம் என்பது வரை வந்து நிற்கிறது.

ஆகவே உங்களுக்குச் சொல்வது இதுதான். இந்த வகுப்பில் 40-ஆவது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பொறியியல் கலந்தாய்வின் ரேங்க் பட்டியல் மாநிலம் முழுவதற்குமானது. உங்கள் வகுப்பில் 40-ஆவதாக இருப்பவர் அந்தப் பட்டியலில் நல்ல இடத்தில் இருக்கலாம். போன வருஷம் உங்கள் பள்ளியில் இதே இடத்தில் இருந்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று விசாரியுங்கள். மனசு கொஞ்சம் தெளியும்.

‘ஏ செக்‌ஷன்’, ‘பி செக்‌ஷன்’ என்று மார்க் பார்த்துப் பிரிக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஏ’ செக்‌ஷனில் கடைசி இடத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ‘பி’யில் முதலிடத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு மார்க்தான் வித்தியாசம் இருக்கும். இருவரும் தங்களைப் பற்றி நினைப்பதில் மலையளவு வித்தியாசத்தை நீங்கள் உண்டாக்குகிறீர்கள்.

நான் எங்கள் அரசுப் பள்ளியில் முதல் மாணவி. “ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை” என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானோ?

சரியில்லை. உங்கள் மதிப்பெண் உங்கள் பள்ளியில் போட்டது அல்ல. அதே வினாத்தாளை மாநிலம் முழுக்க எழுதினார்கள், வேறு ஊர் ஆசிரியர்கள் திருத்தினார்கள். ட்யூஷன் இல்லாமல், வீட்டு வேலையும் செய்துகொண்டு அந்த மார்க்கை எடுத்திருந்தால் அதில் இன்னும் ஏறக்கூடிய இடம் நிறைய இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. “அதில் போய்ச் சேர்ந்தால் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா” என்று அடுத்த பயம் வரும். முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவருக்குக் கல்லூரி இங்கிலீஷே ஒரு தனிப் பாடம். வகுப்பில் ஒருவர் சரளமாக இங்கிலீஷ் பேசினால் அவருக்குப் பாடமும் தெரியும் என்று நினைத்துக் குன்றிப்போகிறவர்கள் நிறைய பேர். பேச்சையும் பாட அறிவையும் பிரித்துப் பாருங்கள். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வரும்போது அந்த பிரமை கொஞ்சம் விலகும்.

என் மகள் கணக்கில் கெட்டி. ஆனால் “பசங்க அளவுக்கு எனக்கு வராது” என்கிறாள். பெண்களுக்கு அப்படி இயல்பாகவே இருக்குமா?

நம் மாநிலத்தில் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுதோறும் மாணவிகளே முந்துகிறார்கள். திறமை இல்லை என்று சொல்ல வழியே இல்லை. அப்படியானால் அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது?

ஷெல்லி கோரல் என்ற சமூகவியலாளர் 2004-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரித் தேர்வு வைத்து, எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் வந்ததாகச் சொன்னார்கள். ஒரு குழுவிடம் மட்டும் “இதில் ஆண்கள் பொதுவாக நன்றாகச் செய்வார்கள்” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அந்தக் குழுவில் ஆண்கள் தங்கள் திறமையைப் பெண்களைவிடக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். அது தேவைப்படும் வேலைக்குப் போகும் ஆசையும் அவர்களுக்கே அதிகம் இருந்தது. “ஆண், பெண் வித்தியாசம் இல்லை” என்று கேட்ட குழுவில் இந்த இடைவெளி காணாமல் போனது. மதிப்பெண் ஒன்றுதான், காதில் விழுந்த ஒரு வாக்கியம்தான் வேறு.

மேலே சொன்ன இரண்டாவது ஒப்பீடும், அதாவது தன் கணக்கைத் தன் மொழிப்பாடத்தோடு வைத்துப் பார்ப்பதும், பெண்பிள்ளைகளை அதிகம் பாதிக்கிறது. வாசிப்பிலும் மொழியிலும் அவர்கள் பெரும்பாலும் முன்னே இருக்கிறார்கள். அதனால் நல்ல கணக்கு மதிப்பெண்கூட அதன் பக்கத்தில் மங்கித் தெரிகிறது. பிரெடா, நாப் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 64 நாடுகளைச் சேர்ந்த 3 லட்சம் மாணவர்களின் விவரங்களை வைத்து 2019-இல் இதைக் கணக்கிட்டார்கள். கணக்கு சார்ந்த படிப்புக்குப் போக விரும்புவதில் ஆண், பெண் இடையே உள்ள இடைவெளியில் சுமார் 80 சதவீதத்தை இந்த வாசிப்பு-கணக்கு வித்தியாசமே விளக்கிவிடுகிறது என்றார்கள்.

அமெரிக்காவில் 1,490 பேரைப் பள்ளிப் பருவத்திலிருந்து 33 வயது வரை பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு 2013-இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் சேர்ந்தே சிறந்தவர்கள், கணக்கில் மட்டும் சிறந்தவர்களைவிடக் குறைவாகவே அறிவியல், பொறியியல் பக்கம் போயிருந்தார்கள். அந்த இரண்டிலும் சிறந்த கூட்டத்தில் பெண்களே அதிகம். அவர்களுக்கு வேறு வழியும் திறந்திருந்தது என்பது இதில் ஒரு நல்ல பக்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மகளிடம் இதை எடுத்துச் சொல்லிவிட்டு அவளை முடிவெடுக்க விடுங்கள். மொழியில் கெட்டிக்காரியாக இருப்பது கணக்கில் மட்டம் என்பதற்குச் சாட்சி அல்ல என்று ஒரு தடவையாவது அவள் காதில் விழட்டும்.

பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிப் பேசினால்தானே பிள்ளைக்கு ரோஷம் வரும்? எங்களையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

உங்கள் அக்கறை புரிகிறது. யாரையாவது முன்மாதிரியாகக் காட்டுவது தப்பும் இல்லை. எப்போது காட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கனடாவில் லாக்வுட், குண்டா என்ற இருவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், அதே துறையில் நான்காம் ஆண்டில் பிரமாதமாகச் சாதித்த ஒருவரைப் பற்றிய குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு உற்சாகம் வந்தது. “எனக்கும் இன்னும் நேரம் இருக்கிறது, நானும் ஆகலாம்” என்று நினைத்தார்கள். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. அவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம், “அந்த அக்கா இப்படிப் படித்தாள், நீயும் போய் அவளிடமே கேட்டுப் பார்” என்று சொன்னால் அது உதவி. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, மார்க்கை ஒரு எண்கூட மாற்ற முடியாத நிலையில், “அவன் 590, நீ 540” என்று சொன்னால் பிள்ளையால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. தன்னைத் தாழ்த்திக்கொண்டு, கைக்கு எட்டும் படிப்பையும் கேட்கப் பயந்து, “நீங்களே ஏதாவது சேர்த்துவிடுங்கள்” என்று ஒதுங்கிவிடும். அந்த வாக்கியத்தைப் பெற்றோர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் மனம் விட்டுப்போனதன் அடையாளம்.

அக்கா எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். அவள் பக்கம் நான் போகவே மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். சரியா?

அவள் படிப்பதைத் தவிர வேறு எதுவானாலும் சரி என்பதும் ஒப்பீடுதான். அக்காவின் இடத்தில் யாரோ தெரியாதவர் இருந்தால் உயிரியல் சார்ந்த படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா? ஆம் என்றால் மறுபடி யோசியுங்கள். இல்லை என்றால் தாராளமாக வேறு பக்கம் போங்கள்.

என் கட்-ஆஃப் 192. எனக்கு சிவில் பிடிக்கும். “இவ்வளவு கட்-ஆஃபை வைத்துக்கொண்டு சிவில் எடுப்பதா, வீணாகுமே” என்கிறார்கள்.

கட்-ஆஃப் செலவழித்துத் தீர்க்க வேண்டிய பணம் இல்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 சேர்ந்து 200-க்கு ஒரு எண், அவ்வளவுதான். சீட் கிடைத்த மறுநாள் அதற்கு வேலையே இல்லை.

ஒரு பிராஞ்ச் போன வருஷம் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது அதை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைக் காட்டும். அந்தப் படிப்பு எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு கடினமானது என்பதை அது காட்டாது. இன்று கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கூட்டம், அதனால் அதன் கட்-ஆஃப் மேலே. பிள்ளைகள் அதைத் தலைகீழாகப் படித்து, “கட்-ஆஃப் உயர்ந்த பிராஞ்சில் இருப்பவன் என்னைவிடக் கெட்டிக்காரன்” என்று நினைக்கிறார்கள். அப்படி நினைத்து, பிடித்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போகிறவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர் சயின்ஸ் உண்மையிலேயே பிடித்தால் எடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. நண்பர்கள் நாலு பேரும் எடுக்கிறார்கள் என்றால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். கட்-ஆஃப் 192 இருப்பவருக்குப் பெயர்பெற்ற கல்லூரிகளில் சிவில் கேட்கும் தைரியம் இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் மார்க் குறைவு, அதனால் காமர்ஸ் குரூப் கொடுத்தார்கள். ‘ஃபர்ஸ்ட் குரூப்’ பிள்ளைகளுக்கு முன்னால் கூசுகிறது. எனக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாதா?

குரூப்பை வரிசைப்படுத்தி எண் வைத்துக் கூப்பிடும் வழக்கம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய தீங்கு செய்கிறது. கணக்கு, அறிவியல் எடுத்தவர் முதல், வணிகவியல் அதற்குக் கீழ், வரலாறு அதற்கும் கீழ் என்று நாமே ஏணி கட்டி நிறுத்திவிட்டோம்.

உண்மை நிலவரம் இதுதான். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வை எந்த குரூப்பில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். ஒருங்கிணைந்த ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கும் குரூப் தடையில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழியில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீஷும் படித்து, பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடத்தைப் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒருநாள் எழுதிய கணக்குத் தேர்வை வைத்து “எனக்குக் கணக்கு வராது” என்று ஒதுங்கியவர்கள் மறுபடி முயன்று பார்க்க இது நல்ல வழி.

மாநில ரேங்க் அறிவிப்பதைத்தான் நிறுத்திவிட்டார்களே, ஒப்பீடு குறையவில்லையே?

2017-இல் நிறுத்தினார்கள். நல்ல காரியம், மாலை நேரப் பேப்பரில் படம் வராததால் பல பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் முன்னே சொன்னபடி யாரும் மாநில முதல் மாணவரோடு தன்னை ஒப்பிடுவதில்லை. பக்கத்து பெஞ்சோடுதான் ஒப்பிடுகிறார்கள். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் மார்க் ஷீட் போடுவது நிற்கும்வரை அது குறையாது.

கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். படிப்பையே தப்பாக எடுத்துவிட்டேனா?

முதல் செமஸ்டரை வைத்துச் சொல்ல முடியாது. பள்ளியில் முன்வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கல்லூரியில் கூடும்போது யாராவது பாதிக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும்.

ஜேம்ஸ் டேவிஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1966-இலேயே இதை எழுதினார். மாணவர்கள் எந்தத் தொழிலை நோக்கிப் போகிறார்கள் என்பதில், கல்லூரியின் தரத்தைவிடத் தன் கல்லூரிக்குள் வாங்கிய மதிப்பெண்ணே அதிகம் பேசியது என்று கண்டார். பெரிய கல்லூரியில் நடுத்தரமாக இருந்தவர், சாதாரணக் கல்லூரியில் முதலிடத்தில் இருந்தவரைவிடத் திறமைசாலியாக இருந்தும் தன் ஆசையைச் சுருக்கிக்கொண்டார். அறுபது வருஷம் ஆகியும் இது நம் ஹாஸ்டல் அறைகளில் தினமும் நடக்கிறது.

எனவே அரியர் வந்த தாளை எடுத்து, பாடம் பிடிக்கவில்லையா, புரியவில்லையா, படிக்க நேரம் இல்லாமல் போனதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால்தான் படிப்பை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். மற்ற இரண்டுக்கும் மருந்து வேறு.

சரி, ஒப்பிடவே கூடாது என்றால் எதை வைத்துத்தான் முடிவெடுப்பது?

ஒப்பிடாமல் இருக்க மனிதரால் முடியாது, அப்படி நான் கேட்கவும் மாட்டேன். எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்து ஒப்பிடலாம்.

என்னிடம் வரும் பிள்ளைகளை ஒரு தாளில் எழுதச் சொல்வேன். பிளஸ் ஒன் காலாண்டில் இந்தப் பாடத்தில் எவ்வளவு, கடைசி ரிவிஷனில் எவ்வளவு. இது நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை வைத்துப் பார்ப்பது. 55-இலிருந்து 80-க்கு வந்தவர், எப்போதும் 85-இலேயே நிற்பவரைவிட அந்தப் பாடத்துக்கு நெருங்கி வந்துகொண்டிருக்கிறார் என்று நான் சொல்வேன். அடுத்து, படிப்பு கேட்பது என்ன என்று பார்ப்பது. பி.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டுப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, முதல் அத்தியாயத்தைப் படித்து இரண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். புரிந்ததா, இன்னும் போட வேண்டும் என்று தோன்றியதா? உங்களுக்கும் அந்தப் படிப்புக்கும் நடுவே வேறு யாரையும் நிற்கவிடாத ஒப்பீடு அதுதான்.

கடைசியாக ஒரு கேள்வி. “உன் வகுப்பில் யாருக்கும் எந்த மார்க் என்றே தெரியாது என்று வைத்துக்கொள். அப்போது எதை எடுப்பாய்?” இதற்குச் சட்டென்று பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மனசு ரொம்பவே உடைந்துபோயிருக்கிறது. யாரிடம் பேசுவது?

முதலில் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம். படிப்பு பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 104 அல்லது 14416 எண்ணை உடனே அழையுங்கள். இரண்டும் இலவசம், எந்நேரமும் பேசலாம். பெற்றோரும் அழைத்துக் கேட்கலாம்.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதியப் போகிறேன். பிடித்த கல்லூரி எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று அதைப் போடாமலே விடலாமா?

விடாதீர்கள். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, இருப்பதில் முதலாவதைக் கொடுப்பதுதான் கலந்தாய்வின் முறை. கிடைக்க வாய்ப்புக் குறைந்த ஒன்றை முதலில் போட்டதற்காகக் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. அது இல்லையென்றால் அடுத்ததற்கு நகர்ந்துவிடும். எனவே கிடைக்குமா என்று பார்த்து வரிசைப்படுத்த வேண்டாம், எவ்வளவு வேண்டும் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஒதுக்கீடு வந்த பிறகு, அதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது உங்கள் பட்டியலில் நீங்களே மேலே எழுதியவற்றுக்கு மட்டும்தான் நகர்த்தும். எழுதாமல் விட்டதைத் தராது. அதனால் நண்பரின் பட்டியலைப் பார்த்து எழுதாமல், வீட்டில் தனியாக ஒரு தாளில் முதலில் எழுதிவிட்டு, அதே வரிசையில் கணினியில் ஏற்றுங்கள். கடைசி நாள் ராத்திரிக்கு அதைத் தள்ளிப்போட வேண்டாம். பூட்டுவதற்கு முன் கல்லூரிக் குறியீட்டு எண்களை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.